சடைமுடி: வரலாறும் வளர்ப்பு முறையும்

சடைமுடி என்பது தலைமயிர் தானாகவோ மனிதர் கைபட்டோ ஒன்றோடொன்று பிணைந்து, கயிறு போலத் திரண்டு தொங்கும் முடியமைப்பு ஆகும். இந்தியாவில் இது துறவின் அடையாளமாகவும் தெய்வ அருளின் அறிகுறியாகவும் நெடுங்காலமாகக் கருதப்பட்டு வருகிறது. ஆப்பிரிக்க வழியினரிடையே, குறிப்பாக ஜமைக்காவின் ராஸ்தபாரி மக்களிடையே, இதுவே 'டிரெட்லாக்ஸ்' என்ற பெயரில் சமயத்துக்கும் தன்மானத்துக்கும் உரிய அடையாளமாக வளர்ந்தது. வடிவம் ஒன்றாகத் தோன்றினாலும் இரண்டின் வரலாறும் வேறு, முடியின் இயல்பும் வேறு. இக்கட்டுரை தமிழ் மரபில் சடைமுடியின் இடம், சேர்வராயன் மலைப் பகுதியின் பின்னணி, கரிபியத் தீவுகளோடு உள்ள தொடர்பு, ஆப்பிரிக்கச் சுருள்முடியில் சடை வளர்க்கும் முறை, அதை ஒட்டி எழுந்த உரிமை வழக்குகள் ஆகியவற்றை விளக்குகிறது.

சொல்லும் பெயர்களும்

'சடை' என்ற சொல் வடமொழி 'ஜடா' என்பதோடு தொடர்புடையது. இன்றைய பேச்சுத் தமிழில் பெண்கள் பின்னிக்கொள்ளும் பின்னலும் சடை எனப்படுகிறது. பழைய இலக்கியத்திலோ அது பெரும்பாலும் சீவாமல் திரண்ட முடியைக் குறித்தது. சிவனுக்குச் சடையன், சடையப்பன் என்னும் பெயர்கள் உண்டு. சுந்தரரின் தந்தை சடைய நாயனார், கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளல் ஆகியோரின் பெயர்கள் இவ்வழியில் வந்தவை. பாண்டிய மன்னர்கள் மாறவர்மன், சடையவர்மன் என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினர். வேள்விக்குடிச் செப்பேட்டை வழங்கிய 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் நெடுஞ்சடையன் என்று அழைக்கப்பட்டான். துறவியின் முடி அரசனின் பட்டத்திலும் ஏறியது என்பது, அக்காலத்தில் அதற்கு இருந்த மதிப்பைக் காட்டுகிறது.

இலக்கியச் சான்றுகள்

புறநானூற்றின் 251, 252ஆம் பாடல்கள் மாற்பித்தியார் பாடியவை. இரண்டும் இல்லற இன்பத்தில் திளைத்த ஒருவன் பின்னர் மலைக்காட்டில் தவம் செய்யும் நிலையைக் கூறுகின்றன. ஒரு பாடலில் அவன் காட்டு யானை கொண்டுவந்த விறகில் தீ வளர்த்து, முதுகில் தாழ்ந்த சடையை உலர்த்துகிறான். மற்றொன்றில் அருவி நீரில் ஓயாமல் குளித்ததால் அவன் சடை நிறம் மாறி, தில்லை மரத்தின் தழை போலத் தோன்றுகிறது. மலை, அருவி, ஈரம், உலராத சடை என்ற இந்தக் காட்சி, தமிழில் சடைமுடி பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய நேரடி வருணனைகளுள் ஒன்று.

வால்மீகி இராமாயணத்தில் சடை செய்யும் முறையே சொல்லப்படுகிறது. கங்கையைக் கடக்கும் முன் இராமன் குகனிடம் ஆலமரத்துப் பாலைக் கொண்டுவரச் சொல்லி, அதைக் கொண்டு தனக்கும் இலக்குவனுக்கும் சடை ஆக்கிக்கொள்கிறான். நேரான முடி தானாக விரைவில் சடையாகாது, அதற்குப் பிசின் போன்ற ஒரு பொருள் வேண்டும் என்ற நடைமுறை அறிவு இதில் உள்ளது.

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இரண்டு நாயன்மார் வரலாறுகள் சடையை மையமாகக் கொண்டவை. புகழ்ச்சோழ நாயனார் போரில் வெட்டப்பட்டு வந்த தலைகளிடையே ஒரு சடைமுடித் தலையைக் கண்டார். அடியார் ஒருவரைக் கொன்ற பாவம் தமக்கு நேர்ந்தது என்று கலங்கி, அத்தலையை ஏந்தித் தீயில் புகுந்தார். திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரோ, திருநீறும் சடையும் பூண்டு அடியார் வேடத்தில் வந்த பகைவன் முத்தநாதனால் குத்தப்பட்டார். உயிர் போகும் நிலையிலும் அந்த வேடத்துக்கு மதிப்பளித்து அவனைப் பத்திரமாக அனுப்பிவைத்தார். சடைக்குத் தந்த உயர்ந்த மதிப்பையும், அந்த மதிப்பை ஏமாற்றுக்குப் பயன்படுத்த முடியும் என்பதையும் இவ்விரு வரலாறுகள் காட்டுகின்றன.

திருக்குறள் இந்தச் சிக்கலை முன்பே எழுப்பியிருக்கிறது. கூடாவொழுக்கம் அதிகாரத்தின் இறுதிக் குறள் (280), தீயவை என உலகம் ஒதுக்கியவற்றைத் தானும் ஒதுக்கியவனுக்கு மொட்டைத் தலையும் தேவையில்லை, நீண்ட முடியும் தேவையில்லை என்ற கருத்தைத் தருகிறது. மழித்தல் சமணர், பௌத்தர் வழக்கம். நீட்டல் சடைமுடித் துறவியர் வழக்கம். இருசாராருக்கும் ஒரே அளவுகோலை வைத்தது இக்குறளின் சிறப்பு.

சிற்பங்களில் சடை

மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரும்பாறைச் சிற்பத்தில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்யும் முனிவர் இருக்கிறார். அதே பாறையில் ஒரு பூனையும் அவரைப் போலவே கைகளை உயர்த்தித் தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள் உள்ளன. போலித் தவம் பற்றிய கேலி என்று இதனைக் கொள்வர்.

சோழர் காலச் செப்புத்திருமேனிகளில் நடராசரின் விரிசடை புகழ்பெற்றது. சுழன்று ஆடும் வேகத்தில் சடைகள் இருபுறமும் பரவ, அவற்றிடையே கங்கை சிறு உருவமாக அமைக்கப்பட்டிருப்பாள். சடையை மேலே தூக்கி மகுடம் போலக் கட்டுவதைச் சிற்ப நூல்கள் சடாமகுடம் என்கின்றன. சடையை மேலே கட்டுதல், பின்னால் தாழவிடுதல், பரப்பி விடுதல் என்ற மூன்று நிலைகளையும் தமிழகச் சிற்பிகள் நன்கு அறிந்திருந்தனர்.

சேர்வராயன் மலைப் பின்னணி

சேலத்துக்கு வடக்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக அமைந்தது சேர்வராயன் மலை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடையலாம். மலையின் உச்சியில் சுமார் 5,300 அடி உயரத்தில் சேர்வராயன் கோயில் உள்ளது. இது ஒரு குகைக் கோயில். இதில் சேர்வராயனும் காவேரியும் வழிபடப்படுகின்றனர். ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கும் திருவிழாவுக்குச் சுற்றுப்புற மலையூர்களின் மலையாளி பழங்குடி மக்கள் திரள்கின்றனர். தமிழ் பேசும் இம்மக்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்களின் வழித்தோன்றல்கள் தாம் என்று மரபாகக் கூறுகின்றனர். சேலத்தின் மறுபுறம் உள்ள கஞ்சமலையும் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையும் சித்தர்களோடு தொடர்புபடுத்தப்படுபவை. கஞ்சமலையின் சித்தர் கோயிலில் அமாவாசை வழிபாடு சிறப்பாக நடைபெறுகிறது. குகையும் சுனையும் மூலிகையும் உள்ள மலைகளில் துறவியர் தங்கிய மரபின் தொடர்ச்சியாக இவ்விடங்களைக் காணலாம்.

இம்மலைக்கு ஆப்பிரிக்காவோடு வேறொரு வகையில் தொடர்பு உண்டு. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. பிரித்தானியக் குடியேற்றங்களில் 1834இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்ட பின்னர், கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பல்களில் அனுப்பப்பட்டனர். சென்னைத் துறைமுகம் வழியாக மொரீசியசுக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் சென்றவர்களில் சேலம் வட்டாரத்தினரும் இருந்தனர். தோட்டப் பொருளாதாரம் ஆப்பிரிக்க வழியினரையும் தமிழரையும் ஒரே வரிசை வீடுகளில் கொண்டு சேர்த்தது.

சடை விழுதலும் பெண்களும்

தமிழகக் கிராமங்களில் ஒருவருடைய தலைமுடி தானாகச் சிக்குப் பிடித்துத் திரண்டால் 'சடை விழுந்துவிட்டது' என்பர். அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று கருதி அதை வெட்ட அஞ்சுவர். இலங்கையின் கதிர்காமத்தில் இத்தகைய சடையுடைய பெண் அருளாடிகளைப் பற்றி மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1981இல் 'மெடூசாவின் முடி' என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். அப்பெண்கள் தம் வாழ்வில் பட்ட துயரங்களும் சமயக் குறியீடுகளும் அவர்களது சடையில் எவ்வாறு ஒன்றுசேர்கின்றன என்பதே அந்நூலின் ஆய்வு. சடை அவர்களுக்குத் தெய்வம் தந்த கொடை. குடும்பத்திலும் ஊரிலும் தனி இடத்தையும் அது பெற்றுத் தந்தது.

எல்லாப் பெண்களுக்கும் அது கொடையாக அமையவில்லை. வட கர்நாடகத்திலும் மகாராட்டிரத்திலும் சிறுமியின் தலையில் சடை விழுந்தால் அது எல்லம்மா தேவியின் அழைப்பு என்று கருதி, அவளைத் தேவதாசியாகப் பொட்டுக்கட்டும் வழக்கம் இருந்தது. தலைமுடியின் ஒரு சிக்கு ஒரு பெண்ணின் வாழ்நாளையே முடிவு செய்தது. கர்நாடக அரசு 1982இல் தேவதாசி அர்ப்பணிப்புத் தடைச் சட்டத்தை இயற்றியது. மகாராட்டிரத்தில் நரேந்திர தபோல்கர் 1989இல் நிறுவிய மூடநம்பிக்கை ஒழிப்பு அமைப்பின் தொண்டர்கள், சடையால் கழுத்து வலி, பேன், புண் ஆகியவற்றால் அவதிப்படும் பெண்களிடம் பேசி, அவர்கள் சம்மதத்தோடு சடையை அகற்றி வருகின்றனர்.

மருத்துவத்தில் இவ்வாறு திடீரெனப் பிரிக்க முடியாதபடி முடி பிணைவது 'பிளைக்கா' எனப்படுகிறது. நீண்ட நாள் சீவாமை, உராய்வு, தூய்மைக் குறைவு, மனநலக் குறைபாடு ஆகியவை இதற்குக் காரணமாகலாம். ஐரோப்பாவில் போலந்து நாட்டில் இது பரவலாக இருந்தது. சடையை வெட்டினால் நோய் வரும் என்று அங்கும் மக்கள் அஞ்சினர். 19ஆம் நூற்றாண்டில் கிராக்கோவின் மருத்துவர் யோசப் டீட்டில் அந்த அச்சத்துக்கு எதிராகப் பெருமுயற்சி செய்தார்.

மேற்கு ஆப்பிரிக்காவிலும் இதற்கு ஒப்பான நம்பிக்கை உண்டு. நைஜீரியாவின் யொரூபா மக்கள், பிறக்கும்போதே திரண்ட முடியுடன் இருக்கும் குழந்தையை 'தாதா' என்று அழைக்கின்றனர். அக்குழந்தையின் முடியைச் சடங்கு செய்யாமல் வெட்டுவதில்லை. செனகல் நாட்டின் பாய் பால் என்னும் இசுலாமியப் பிரிவினரும் சடை வளர்க்கின்றனர்.

ஜமைக்காவும் ராஸ்தபாரியும்

1845 மே 10 அன்று இந்திய ஒப்பந்தத் தொழிலாளரின் முதற்கப்பல் ஜமைக்காவை அடைந்தது. 1917 வரை சுமார் 36,000 இந்தியர் அங்கே சென்றனர். இவர்களில் பெரும்பாலோர் வட இந்தியர். சென்னையிலிருந்து சென்றோர் குறைவு. தமிழர் மிகுதியாகச் சென்ற கரிபியத் தீவுகள் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மார்த்தினிக்கும் குவாதலூப்பும் ஆகும். புதுச்சேரி, காரைக்கால் வழியாக 1853 முதல் மார்த்தினிக்குக்கும், 1854 முதல் குவாதலூப்புக்கும் அவர்கள் சென்றனர். மாரியம்மன் வழிபாடு அங்கே 'மாலியேமன்' என்ற பெயரில் இன்றும் நிலைத்திருக்கிறது.

1930 நவம்பர் 2 அன்று எத்தியோப்பியாவில் ஹைலி செலாசி பேரரசராக முடிசூடினார். அவரை இறைவனாகக் கொண்டு ஜமைக்காவில் ராஸ்தபாரி இயக்கம் தோன்றியது. அதன் முன்னோடிகளுள் ஒருவரான லெனார்ட் ஹோவெல் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயரில் 'குரு', 'மகராஜ்' என்ற இந்தியச் சொற்களின் சாயல் உள்ளது. 1940இல் அவர் 'பினக்கிள்' என்ற குடியிருப்பை அமைத்தார். இவ்வியக்கத்தில் புழங்கும் 'கஞ்சா' என்ற சொல்லும் இந்தியாவிலிருந்து வந்ததே.

சடையும் இந்தியச் சாதுக்களிடமிருந்து சென்றதா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அஜய் மான்சிங், லட்சுமி மான்சிங் ஆகியோர் இந்துத் தாக்கத்தை வலியுறுத்தினர். பாரி ஷெவான்ஸ், 1949இல் தோன்றிய இளைஞர் குழு ஒன்றே சடை வளர்ப்பைக் கட்டாயமாக்கியது என்று விளக்கினார். 1950களில் கென்யாவில் பிரித்தானியரை எதிர்த்துக் காட்டில் போரிட்ட மாவ் மாவ் வீரர்களின் சடையும் முன்மாதிரி என்று வேறு சிலர் கூறுவர். ராஸ்தபாரியினர் தாமே விவிலியத்தைச் சான்றாகக் காட்டுகின்றனர். எண்ணாகமம் 6ஆம் அதிகாரம் நசரேய விரதம் பூண்டவர் தலையில் சவரகன் கத்தி படக்கூடாது என்கிறது. சிம்சோனின் முடி ஏழு கற்றைகளாக இருந்ததாக நியாயாதிபதிகள் நூல் கூறுகிறது. தமிழ் விவிலியம் அவற்றை 'ஜடைகள்' என்றே மொழிபெயர்த்துள்ளது.

சடை வளர்த்தவர்கள் நெடுங்காலம் ஒடுக்கப்பட்டனர். 1963 ஏப்ரலில் நடந்த கோரல் கார்டன்ஸ் நிகழ்வில் ராஸ்தபாரியினர் பலர் கைது செய்யப்பட்டு, அடிக்கப்பட்டு, அவர்களது சடைகள் பலவந்தமாக வெட்டப்பட்டன. இதற்காக ஜமைக்கா அரசு 2017இல் மன்னிப்புக் கேட்டது. பாப் மார்லியின் (1945–1981) இசை வழியாகவே அச்சடை உலகெங்கும் அறிமுகமானது.

சுருள்முடியில் சடை உருவாகும் முறை

இந்தியாவிலும் ஆப்பிரிக்க வழியினர் வாழ்கின்றனர். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டச் சித்தி மக்களும், இலங்கையில் புத்தளம் அருகே சிறாம்பியடியில் வாழும் காப்பிரி மக்களும் இத்தகையோர். அகமதுநகர் அரசைக் காத்த மாலிக் அம்பர் எத்தியோப்பியாவில் பிறந்தவர்.

ஆப்பிரிக்க முடியின் வேர்ப்பை வளைந்தும் முடியிழை தட்டையாகவும் இருப்பதால் முடி நெருக்கமான சுருளாக வளர்கிறது. எவருக்கும் நாள்தோறும் 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. நேரான முடியில் இவை கீழே விழுந்துவிடும். சுருள்முடியில் அவை பக்கத்துச் சுருள்களில் சிக்கி உள்ளேயே தங்கும். சீவாமல் விட்டால் இவையெல்லாம் பிணைந்து சடையாகின்றன. ஆகவே ஆலம்பாலோ மெழுகோ இம்முடிக்குத் தேவையில்லை.

தொடங்கும் வழிகள் சில உள்ளன. கழுவிய முடியை 1 முதல் 2.5 செ.மீ. வரையுள்ள கட்டங்களாகப் பிரித்துக்கொள்வர். ஒவ்வொரு கட்டத்தையும் சீப்பு நுனியால் சுருட்டலாம். இரண்டு புரியாக முறுக்கலாம். சிறு பின்னலாகப் பின்னலாம். எதுவும் செய்யாமல் தானாகத் திரளவிடுவதும் உண்டு. கட்டத்தின் அளவே சடையின் பருமனை முடிவு செய்கிறது. மிகச் சிறிய கட்டம் எடுத்தால் சடை நீளும்போது எடை தாங்காமல் வேர் பலவீனப்படும்.

முதல் சில மாதங்களில் முறுக்கு அடிக்கடி அவிழும். பின்னர் சடையின் நடுவில் சிறு முடிச்சுப் போலத் தடிப்பு தோன்றும். அதன்பின் சடை வீங்கி, ஒழுங்கற்றுத் தோன்றும் காலம் வருகிறது. பலர் பொறுமையிழந்து விட்டுவிடுவது இப்போதுதான். முற்றிலும் இறுக ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை ஆகலாம். முடி மாதத்துக்குச் சுமார் 1.25 செ.மீ. வளர்வதால், தோள்வரை சடை தொங்கப் பல ஆண்டுகள் தேவை.

பராமரிப்பு

சடை கழுவப்படாதது என்பது தவறான எண்ணம். வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ கழுவ வேண்டும். விரல் நுனியால் உச்சந்தலையைத் தேய்த்து, நுரையைச் சடை வழியாகப் பிழிந்து விட்டு, நன்றாக அலச வேண்டும். சேலம், கொங்குப் பகுதிகளில் வழங்கும் அரப்பு, சீயக்காய் ஆகியவை நல்ல அழுக்கு நீக்கிகள். ஆனால் தூளாகத் தேய்த்தால் துகள்கள் சடைக்குள் தங்கிவிடும். ஊறவைத்து, துணியில் வடிகட்டிய நீரை மட்டும் பயன்படுத்துவது ஏற்றது.

உலர்த்துவது கழுவுவதைவிட முக்கியம். ஏற்காடு போன்ற மழையும் பனிமூட்டமும் மிகுந்த மலையூர்களில் தடித்த சடை ஒரு நாளானாலும் உள்ளே உலராது. ஈரத்தோடு கட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து நாற்றம் வரும். காலையிலேயே கழுவி, துண்டால் ஒவ்வொரு சடையாகப் பிழிந்து, வெயிலிலோ காற்றிலோ விரித்து உலர்த்த வேண்டும். தீயருகே சடையை உலர்த்திய புறநானூற்றுத் துறவிக்கும் இத்தேவை இருந்தது.

சுருள்முடியில் தலையின் இயற்கை எண்ணெய் நுனிவரை இறங்காது. எனவே தேங்காய் எண்ணெய் போன்றதைச் சிறிதளவு தலையில் தடவலாம். மிகுந்தால் தூசி ஒட்டும். தேன்மெழுகைத் தவிர்க்க வேண்டும்; அது கழுவினாலும் போகாது. வேர்ப்பகுதியில் புதிதாக வளரும் முடியை நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை முறுக்கினால் போதும். அடிக்கடி இறுக்கி முறுக்கினாலோ உச்சியில் இழுத்துக் கட்டினாலோ நெற்றியோர முடி உதிர்ந்து நிலையான வழுக்கை ஏற்படலாம். இரவில் பட்டுத் துணியால் மூடிக்கொண்டால் உராய்வு குறையும். புண், கடும் அரிப்பு, முடியுதிர்வு இருந்தால் தோல் மருத்துவரை அணுக வேண்டும்.

பள்ளியும் பணியிடமும்

தென்னாப்பிரிக்காவின் போல்ஸ்மூர் சிறையில் சடையை வெட்ட மறுத்த அலுவலர்கள் 2007இல் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அவர்களில் ராஸ்தபாரியினரும் சோசா இன மரபுப்படி சடை வளர்த்தோரும் இருந்தனர். அது நியாயமற்ற பாகுபாடு என்று அந்நாட்டு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. அதற்கு முன் 2007இல், டர்பன் நகரப் பள்ளியொன்றில் தென்னிந்தியத் தமிழ் மரபில் வந்த மாணவி மூக்குத்தி அணியத் தடை விதித்த வழக்கில், அரசியலமைப்பு நீதிமன்றம் மாணவிக்கு ஆதரவாகத் தீர்ப்பு வழங்கியிருந்தது. மூக்குத்தி வேறு, சடை வேறு. ஆயினும் சீருடை ஒழுங்கு என்ற பெயரில் ஒருவரது பண்பாட்டு அடையாளத்தைக் காரணமின்றி நீக்கச் சொல்லக்கூடாது என்ற கொள்கை இரண்டுக்கும் பொது.

ஜமைக்காவிலேயே 2018இல் ஐந்து வயதுச் சிறுமியிடம், சடையை வெட்டினால்தான் பள்ளியில் இடம் என்று கூறப்பட்டது. 2020இல் வெளிவந்த தீர்ப்பு குடும்பத்துக்குப் பாதகமாக அமைந்தது. 2024இல் மேல்முறையீட்டில் அது மாற்றப்பட்டது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2019இல், இயற்கை முடியமைப்பைக் காரணம் காட்டிப் பள்ளியிலும் பணியிடத்திலும் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் சட்டத்தை முதலில் இயற்றியது.

சௌந்தத்தி எல்லம்மாவின் பெயரால் சடையை வெட்டவிடாமல் தடுக்கப்பட்ட சிறுமியும், ஜமைக்காப் பள்ளியில் சடையை வெட்டச் சொல்லப்பட்ட சிறுமியும் எதிரெதிர் நிலையில் இருப்பவர்கள் போலத் தோன்றலாம். இருவரிடமும் பிறர் மறுத்தது ஒன்றே: தம் தலைமுடியைப் பற்றித் தாமே முடிவு செய்யும் உரிமை. சடையை வளர்ப்பதும் களைவதும் அவரவர் விருப்பம் என்று ஏற்பதே சடைமுடி வரலாற்றிலிருந்து மாணவர் பெறத்தக்க பாடமாகும்.